ஓலாவ், ஓலோஃப், ஓலே எல்லாம் ஒரே பெயரா?

ஒரே பெயர்தான். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் ஓலாஃப்ர். ‘முன்னோர்’, ‘எஞ்சியது’ என்ற இரண்டு சொற்கள் ஒட்டியது. முன்னோருக்குப் பின் மிஞ்சிய வாரிசு என்று பொருள். தாத்தா பெயரைச் சுமப்பவன் நம்மிடம் ‘பெயரன்’ ஆனதுபோல.

மொழிகள் பிரிய, உச்சரிப்பும் பிரிந்தது: நார்வேயில் ஓலாவ், சுவீடனில் ஓலோஃப், ஐஸ்லாந்தில் ஓலாவுர், பின்லாந்தில் ஓலவி. ஓலே, ஓலா எல்லாம் சுருக்கம். சுப்பிரமணியன் வீட்டில் சுப்பு, மணி ஆவதில்லையா! 1030-இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்த நார்வே மன்னர் ஓலாவ் புனிதராகப் போற்றப்பட்டதில் பெயருக்கு மவுசு கூடியது. 1905-இல் நார்வே அரியணைக்கு வந்த குடும்பத்தின் இரண்டு வயது அலெக்சாண்டருக்கும் இதையே சூட்டினார்கள்.

ஓல்சன் என்றால் ‘ஓலேயின் மகன்’. அதற்காக, ஓல்சன் என்றாலே அப்பா ஓலே என்று நினைக்காதீர்கள். நார்வேயில் இன்று அது பரம்பரைக் குடும்பப்பெயர். ஐஸ்லாந்து ஓலாஃப்சனுக்குத்தான் பெரும்பாலும் அப்பா நிஜமாகவே ஓலாவுர்.