முட்டிய பிறகும் நிற்காத ரோபோ

கேள்வி: ஆர்டுயினோ உனோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகையில், முன்பக்கம் முட்டு சுவிட்சு வைத்த சிறிய ரோபோ வண்டி செய்திருக்கிறேன். வண்டியை ஓடவிட்டு, இரண்டு விநாடி ‘டிலே’ (காத்திருப்பு) கொடுத்து, பிறகு சுவிட்சைப் பார்க்கும்படி நிரல் எழுதினேன். சுவரில் முட்டிய பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ‘கால்பேக் ஃபங்ஷன்’ எழுதச் சொல்கிறார் ஆசிரியர். எல்லா ஃபங்ஷனையும் நான்தானே அழைக்கிறேன். இது எதில் வேறு?
– பாலிடெக்னிக் மாணவர், பர்கூர்

பதில்: இதை நீங்கள் அழைப்பதில்லை என்பதுதான் வேறுபாடு. ‘டிலே’ முடியும்வரை உங்கள் நிரல் அதே வரியில் நிற்கிறது. விநாடிக்கு 20 செ.மீ. ஓடும் வண்டி அதற்குள் 40 செ.மீ. போய்விடும்.

மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் லோடு வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தன் முறை வந்ததா என்று அடிக்கொரு தரம் கேட் வரை நடக்கும் ஓட்டுநரைப் போன்றது உங்கள் நிரல். அதிலும் இரண்டு விநாடி தூங்கி எழுந்து நடப்பவர். காவலாளியிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவர் செய்வதே கால்பேக். முறை வருவது நிகழ்வு. கொடுத்த எண், ஃபங்ஷன் என்ற கட்டளைத் தொகுப்பின் பெயர். கூப்பிடும் காவலாளி, உனோ பலகை.

எந்த நிகழ்வுக்கு எந்த ஃபங்ஷனை அழைப்பது என்று பலகையிடம் சொல்லிவைப்பது ‘அட்டாச் இன்டரப்ட்’ கட்டளை. உனோவில் அதற்கு உரியவை 2, 3 ஆகிய பின்கள் (கம்பி இணைக்கும் முனைகள்). சுவிட்சை 2-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இணைத்து, அந்தப் பின்னை ‘இன்புட் புல்லப்’ (அழுத்தாதபோது மின்னழுத்தம் உயர்ந்தே இருக்கும் நிலை) ஆக்கினால், அழுந்தும்போது மின்னழுத்தம் இறங்கும் என்பதால் ‘ஃபாலிங்’ என்று குறிப்பிட வேண்டும். அதே கட்டளையில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் எழுதுங்கள். பழக்கதோஷத்தில் பெயரை அடுத்து அடைப்புக்குறி போட்டால், எண்ணைக் கொடுக்காமல் அங்கேயே அழைத்துப் பார்ப்பதாகிவிடும்; நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரும் பிழை காட்டும்.

ஃபங்ஷனுக்குள் மோட்டாரை அணைத்து, ‘முட்டியது’ என்பதற்கு ஓர் அடையாள மாறியை மாற்றி வைத்தால் போதும். அந்த மாறியை ‘வோலட்டைல்’ (எந்நேரமும் மாறக்கூடியது) என அறிவிக்காவிட்டால், அது மாறியதையே முதன்மை நிரல் கவனிக்காமல் போகலாம். உள்ளே ‘டிலே’ வேண்டாம். அது நேரத்தை எண்ண நம்பியிருக்கும் டைமர் இன்டரப்ட் அந்நேரம் தடைப்பட்டிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும், திரும்பத் திரும்ப ஓடும் முதன்மைப் பகுதியான ‘லூப்’ அடுத்த சுற்றில் மோட்டாரை மறுபடி ஓடவிடும். ஆகவே ஓடவிடும் வரிக்கு முன்பு அந்த மாறியைச் சோதியுங்கள். பின்னால் நகர்ந்து திரும்பும் வேலையையும் அங்கேயே வையுங்கள். பழைய இரண்டு விநாடி ‘டிலே’ அங்கு இருக்கும்வரை வண்டி நிற்கும், திரும்பத்தான் தாமதமாகும். அதற்குப் பதிலாக ஓடிய மில்லிவிநாடிகளைச் சொல்லும் ‘மில்லிஸ்’ கொண்டு நேரத்தைக் கணக்கிடுங்கள்.