மீசையோடு ஒரு ஜோக்கர்: 1966 பேட்மேன் தொடர் கேள்வி-பதில்

பேட்மேனாக ஆடம் வெஸ்டும் அவருடைய கூட்டாளி ராபினாக பர்ட் வார்டும் நடித்த பழைய பேட்மேன் தொடரைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். 1966 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கி, 1968 மார்ச்சில் முடிந்த தொடர் இது. மொத்தம் 120 எபிசோடுகள்.

ஜோக்கர் முகத்தில் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் மீசை தெரிகிறதே, என் கண்ணில்தான் கோளாறா?

உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ, ஹாலிவுட்டில் பல ஆண்டுகள் காதல் நாயகனாக வலம் வந்தவர். அந்த மீசைதான் அவருடைய அடையாளம். ஜோக்கருக்காக அதை எடுக்கச் சொன்னபோது முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் மீசைக்கு மேலேயே வெள்ளை மேக்கப்பைப் பூசினார்கள். அன்றைய சின்ன டிவி திரையில் அது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. இன்று ப்ளூ-ரேயில் நெருக்கமான காட்சிகளைப் பார்த்தால், மேலுதட்டில் ஒவ்வொரு முடியும் பூச்சைத் தள்ளிக்கொண்டு நிற்பது தெரிகிறது. எனக்கு இது குறையாகவே படவில்லை. ரொமேரோவின் சிரிப்பும் உடல் துள்ளலும் அந்தப் பாத்திரத்தை எங்கேயோ கொண்டுபோய்விடுகின்றன.

பென்குயினின் அந்த ‘க்வாக் க்வாக்’ சத்தம் திரைக்கதையில் இருந்ததா?

இல்லை, புகையால் வந்தது. பென்குயின் என்ற வில்லனாக நடித்த பர்ஜஸ் மெரிடித் சிகரெட்டை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பென்குயினுக்கோ நீளமான ஹோல்டரில் எப்போதும் சிகரெட் புகைய வேண்டும். புகை தொண்டையைக் கரகரவென்று அரித்தது. ஒவ்வொரு ஷாட்டிலும் இருமிக்கொண்டிருந்தால் வேலை ஆகாதே! அந்த இருமலையே வாத்துக் குரலாக மாற்றிப் பாத்திரத்துக்குள் சேர்த்துக்கொண்டார். நல்ல நடிகர் தொல்லையைக்கூட வீணாக்க மாட்டார்.

கேட்வுமன் ஏன் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்?

முதல் இரண்டு சீசன்களில் ஜூலி நியூமர். 1966 கோடையில் வந்த திரைப்படத்துக்கு அவர் கிடைக்கவில்லை, அதனால் லீ மெரிவெதர். மூன்றாவது சீசன் நேரத்தில் நியூமர் ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படத்தில் இருந்தார், அப்போது வந்தவர் எர்தா கிட். கறுப்பினப் பெண் ஒருவர் 1967-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்மேனுக்குச் சமமான எதிரியாக, அந்த உறுமல் குரலோடு வந்து நின்றது சின்ன விஷயமில்லை. மூவரில் யார் சிறந்தவர் என்று கேட்டால், என் ஓட்டு நியூமருக்கு. பேட்மேன் மீது ஆசை, அவனை ஒழிக்க வேண்டும் என்ற வெறி, இரண்டையும் ஒரே பார்வையில் காட்டியவர் அவர்தான்.

சுவரில் கயிறு பிடித்து ஏறும் காட்சிகளை எப்படி எடுத்தார்கள்?

சுவரைத் தரையில் படுக்கவைத்து! கட்டடத்தின் முகப்பைத் தரைமட்டமாக அமைத்து, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டார்கள். வெஸ்டும் வார்டும் தரையில்தான் நடக்கிறார்கள். முதுகை வளைத்து, கயிற்றை இழுத்து, உடல் எடை முழுவதும் கையில் இருப்பதுபோல் முகத்தில் காட்ட வேண்டும். அப்புறம் முதுகில் தொங்கும் கேப், அதாவது மேலங்கி? தரையில் நிற்பவரின் கேப் கால் பக்கமாகத்தானே விழும், திரையில் அது சுவரோடு ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத கம்பியால் கேப்பைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்தார்கள். அடுத்த முறை இந்தக் காட்சி வரும்போது முகத்தை விட்டுவிட்டுக் கேப்பை மட்டும் பாருங்கள், விறைப்பாக நிற்பது தெரியும்.

இந்தக் காட்சிகளில்தான் திடீரென்று ஜன்னல் திறந்து யாராவது பிரபலம் தலையை நீட்டுவார். முதலில் வந்தவர் ஜெர்ரி லூயிஸ். பிறகு சாமி டேவிஸ் ஜூனியர், எட்வர்ட் ஜி. ராபின்சன் என்று வரிசை நீண்டது.

புரூஸ் லீ இந்தத் தொடரில் ராபினோடு சண்டை போட்டாராமே?

போட்டார். ‘கிரீன் ஹார்னெட்’ தொடரையும் பேட்மேனின் தயாரிப்பாளர் வில்லியம் டோஸியர்தான் தயாரித்தார். அதில் நாயகன் கிரீன் ஹார்னெட்டின் உதவியாளன் கேட்டோவாக வந்தவர் புரூஸ் லீ. 1967 மார்ச்சில் இரண்டு எபிசோடுகளில் அந்த ஜோடி பேட்மேனின் ஊரான கோத்தமுக்கு வருகிறது. ராபினிடம் கேட்டோ தோற்பதாக இருந்ததை லீ ஏற்கவில்லை என்றும், அதனால்தான் சமமாக முடித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. திரையில் யாருக்கும் வெற்றி இல்லை.

பேட்மொபைலை இந்தத் தொடருக்காகவே வடிவமைத்தார்களா?

அடிப்படை வண்டி பத்து வயது பழையது. லிங்கன் நிறுவனம் கண்காட்சிக்காக வடிவமைத்து, இத்தாலியின் டூரின் நகரில் கியா பட்டறை கையால் செய்துகொடுத்த 1955 ஃபியூச்சுரா கார் அது. வௌவால் இறக்கைபோல் தெரியும் பின்பக்கத் துடுப்புகளும், தலைக்கு மேல் இரட்டைக் கண்ணாடிக் குமிழ்களும் அப்போதே இருந்தவை. கார்களை மாற்றியமைக்கும் கலைஞர் ஜார்ஜ் பாரிஸ் அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். தொடருக்கு அவசரமாக வண்டி தேவைப்பட்டபோது, புதிதாகச் செய்ய நேரமில்லாமல் சில வாரங்களில் இதையே மாற்றி, கறுப்பு வண்ணம் அடித்துக் கொடுத்தார். 2013 ஜனவரியில் அதே வண்டி ஏலத்தில் 42 லட்சம் டாலருக்குப் போனது, கட்டணம் தனி.

காமிக்ஸிலிருந்து தொடர் எடுத்தார்கள் சரி. தொடரிலிருந்து காமிக்ஸுக்கு ஏதாவது போனதா?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பேட்மேன் வீட்டுப் பட்லர் ஆல்ஃபிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் காமிக்ஸில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அதே இதழில் ஹாரியட் அத்தை வீட்டுக்குள் வந்தார். தொடர் வந்தபோது ஆல்ஃபிரட் வேண்டும் என்று டோஸியர் தரப்பு கேட்டது. ஆலன் நேப்பியர் நடித்த அந்த அமைதியான பட்லர் வாரா வாரம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கும்போது, காமிக்ஸில் மட்டும் அவர் கல்லறையில் கிடக்க முடியுமா? 1966-ல் உயிர்பிழைத்து வந்தார். இன்று ஆல்ஃபிரட் இல்லாத பேட்மேன் கதையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மிஸ்டர் ஃப்ரீஸ் 1959-ல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்த துணுக்கு வில்லன். தொடர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. புதிர் போடும் வில்லன் ரிட்லர் 1948-ல் இரண்டு கதைகளில் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போனவர். 1965-ல் திரும்பி வந்த கதையைத்தான் தொடரின் முதல் எபிசோடுக்கு எடுத்தார்கள். அதில் ஃபிராங்க் கோர்ஷின் கெக்கலித்துக் குதித்ததில் ரிட்லர் முதல் வரிசை வில்லனாகிவிட்டார். உடலோடு ஒட்டிய பச்சை உடை கோர்ஷினுக்குப் பிடிக்காமல் போனதால்தான் கேள்விக்குறி போட்ட கோட்டும் தொப்பியும் வந்தன. காமிக்ஸும் அதை எடுத்துக்கொண்டது.

பேட்கேர்ள் பார்பரா கார்டன் பிறந்ததே தொடருக்காகத்தான். புதுப் பெண் பாத்திரம் வேண்டும் என்று டோஸியர் கேட்க, 1967 ஜனவரி தேதியிட்ட இதழில் அறிமுகமானார், அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் இவான் கிரெய்க் உருவில் திரைக்கு வந்தார். கிரெய்க் முறையாக பாலே கற்றவர். பேட்கேர்ள் முஷ்டியால் குத்தக் கூடாது என்று வைத்திருந்ததால், அவருடைய சண்டையெல்லாம் உயரத் தூக்கிய உதைகளாக இருக்கும். அந்த உதைகளில் பாலே தெரியும்.

ஆடம் வெஸ்ட் நடிக்கத் தெரியாதவர் என்கிறார்களே?

கடுமையாக மறுக்கிறேன். இந்தப் பாத்திரத்துக்கு லைல் வாகனரையும் சோதித்துப் பார்த்தார்கள், பின்னாளில் வொண்டர் வுமன் தொடரில் ஸ்டீவ் ட்ரெவராக வந்தவர். இருவரின் சோதனைக் காட்சிகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வாகனர் வசனத்தைச் சொல்கிறார். வெஸ்ட் நடுவில் நிறுத்தி, யோசித்து, உலகமே அந்த ஒரு சொல்லில் தொங்குவதுபோல் அடுத்ததைச் சொல்கிறார். குழந்தைகளுக்கு அது வீரம், பெரியவர்களுக்கு நகைச்சுவை. ஒரு கண் சிமிட்டலில் இரண்டுமே கெட்டுப்போயிருக்கும். மூன்று சீசனிலும் அவர் சிமிட்டவே இல்லை.

கதை சொல்லும் அந்தப் படபடப்பான குரல் யாருடையது?

தயாரிப்பாளர் டோஸியரேதான்.

ஏன் மூன்றே சீசனில் நின்றது?

பார்ப்பவர்கள் குறைந்தார்கள், செலவு குறையவில்லை. வாரத்துக்கு இரண்டு என்பது மூன்றாவது சீசனில் ஒன்றானது, செட்டுகளும் மெலிந்தன. ஏபிசி கைவிட்ட பிறகு போட்டிச் சேனலான என்பிசி எடுத்து நடத்த ஆர்வம் காட்டியது. ஆனால் அதற்குள் பேட்மேனின் ரகசியக் குகையான பேட்கேவ் உள்ளிட்ட செட்டுகளை இடித்துவிட்டார்கள். மறுபடி கட்டும் செலவைப் பார்த்து என்பிசியும் விலகிக்கொண்டது. பிறகு உரிமைச் சிக்கலில் மாட்டி, முழுத் தொடரும் வட்டுகளாக வெளிவர 2014 நவம்பர் வரை ஆனது. வாங்குவதாக இருந்தால் ப்ளூ-ரே பதிப்பையே வாங்குங்கள். அந்தக் காலத்து வண்ணங்கள் அதில்தான் முழுதாகத் தெரிகின்றன.