வாத்து ஈரலும் நாமக்கல் முட்டையும்

அன்புள்ள ஐயா,

வாத்தின் தொண்டையில் குழாயை விட்டுத் தீவனம் திணித்து, ஈரலை வீங்கவைத்து விற்கும் ஃபுவா க்ரா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதைத் தடை செய்ததே சரி என்கிறீர்கள். எனக்குப் பயம்தான் வருகிறது. அடுத்தவன் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து ஆளை அடிக்கிற நாடு இது. ‘கொடுமை’ என்ற சொல்லைக் கையில் கொடுத்துவிட்டால் நாளை எதை வேண்டுமானாலும் தடை செய்வார்கள். என் சித்தப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். வாத்து ஈரலுக்குத் தடை என்றால் கூண்டுக்கோழி முட்டைக்கும் தடை கேட்க வேண்டுமே? அதைச் சொல்வீர்களா?

(பெயர் வேண்டாம் என்றார்)
ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. மாட்டுக்கறியின் பேரால் இங்கே மனித உயிர்களே போயிருக்கின்றன. அதனால் தடை என்று சொல்கிறவன், எதற்குத் தடை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இதை யாரும் சாப்பிடக் கூடாது என்பது ஒன்று. இப்படி யாரும் வளர்க்கக் கூடாது என்பது வேறொன்று. முதலாவதில் போலீஸ் சமையலறைக்குள் வரும். இரண்டாவதில் அதிகாரி பண்ணைக்குள் போவார். நான் கேட்பது இரண்டாவதைத்தான்.

அந்த ஈரலின் கதையே இந்த வித்தியாசத்தைக் காட்டும். வாத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், தினம் இரண்டு வேளை, குழாய் வழியாக மக்காச்சோளக் கூழ் இறக்குகிறார்கள். ஈரல் இயல்பைப்போலப் பத்து மடங்கு வரைகூடப் பெருக்கிறது. 2006-ல் சிகாகோ நகரம் அதன் விற்பனையைத் தடை செய்தது. சில உணவகங்கள் வேறு பண்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஈரலை இலவசமாகப் பரிமாறின. இரண்டே வருடத்தில் தடையை விலக்கிக்கொண்டார்கள். இஸ்ரேலில் நடந்தது வேறு. ஃபுவா க்ராவை அதிகம் உற்பத்தி செய்த நாடுகளில் அதுவும் ஒன்று. 2003-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், தீவனம் திணிப்பது விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி, தொழிலை முடித்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தது. தீர்ப்பு வளர்ப்புமுறையைப் பற்றியது. யார் என்ன சாப்பிடலாம் என்று அது பேசவில்லை.

இந்தியா 2014-ல் இறக்குமதியையே நிறுத்தியது. நான் மகிழ்ந்தேன், இன்றும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதனால் நம் ஊரில் யார் பிழைப்பு போனது? சில நட்சத்திர ஓட்டல்களின் மெனுவில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவுதான். நமக்குக் கஷ்டமான கேள்வி நீங்கள் கேட்டதுதான்.

சரி, அதற்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் நாமக்கல் பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். உரிமையாளர் நல்ல மனிதர், மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். உள்ளே போனதுமே எச்சத்தின் நெடியில் கண் எரிந்தது. அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள். முட்டை உருண்டு முன்னால் வந்து நிற்பதற்காகத் தரையையே சாய்வாக வைத்திருந்தார்கள். ஒரு கோழி தீவனத்தை அலகால் இழுத்து, கம்பியின் மேல் உட்கார்ந்து, இறக்கையை உதறி உதறிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஏதோ வியாதி என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. வீட்டுக் கோழி மத்தியானத்தில் மண்ணைக் கிளறிக் குழி பறித்துப் புரளுமே, அதைத்தான் இந்தக் கோழியும் செய்து பார்க்கிறது. கீழே மண் இல்லை, கம்பிதான் இருக்கிறது. பிறந்ததிலிருந்து மண்ணையே மிதிக்காத கோழிக்கும் புரளத் தோன்றுகிறது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் ஒழித்துக்கட்டிய பழைய கூண்டில் ஒரு கோழிக்குச் சட்டம் கேட்ட குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாள்கூட 620-க்கு மேல் வரும். அந்தக் கூண்டே கூடாது என்று 1999-ல் சட்டம் போட்டார்கள், 2012 ஜனவரியில் முழுமையாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இடையில் பன்னிரண்டு வருடம். முட்டை அங்கே காணாமல் போய்விடவில்லை, மக்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் தொடங்கி 1960-ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நியாயமான அளவு அசைய இடம் தராத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம் என்று அதன் 11-ஆவது பிரிவே சொல்கிறது. 2017-ல் சட்ட ஆணையமும் முட்டைக் கோழி, கறிக்கோழி வளர்ப்பைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை கொடுத்தது. கூண்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஆகவே, ஆமாம், கூண்டுக்கும் தடை வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நாளைக்கே என்று சொல்ல மாட்டேன். உங்கள் சித்தப்பா வங்கியில் கடன் வாங்கிக் கூண்டு போட்டிருப்பார், அந்தக் கடன் அடைய வருடங்கள் ஆகும். சத்துணவில் பிள்ளைகளுக்குப் போகும் முட்டை இருக்கிறது. பல வீடுகளில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் நல்ல புரதமே அதுதான். அதில் ஒரு முட்டை குறைகிற மாதிரி எந்தத் தடை வந்தாலும் நானே எதிர்த்து நிற்பேன். அந்த முட்டைகளை மொத்தமாக வாங்குவது அரசாங்கம். இத்தனை வருடத்துக்குள் கூண்டில்லாத பண்ணைக்கு மாறுங்கள், கூடுதல் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று அரசு பண்ணைக்காரர்களிடம் சொல்லலாம். அந்தச் சுமையைக் கோழி வளர்க்கிறவர் தலையிலோ பிள்ளையின் தட்டிலோ வைப்பது அநியாயம்.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். தரையில் விட்டு வளர்த்தால் ஒரு முட்டைக்கு எத்தனை பைசா கூடும், தீவனம் எவ்வளவு அதிகம் பிடிக்கும், நோய் வந்தால் எப்படிச் சமாளிப்பார் என்று சித்தப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர் கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை, சொன்னபடியே இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.