வீடு விற்கும் இடத்தில் நிற்கும் நாவல்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு சத்துவாச்சாரியில். நவம்பர் மாதத்தில் முப்பது நாளில் ஐம்பதாயிரம் சொல்லில் நாவல் எழுதும் சவாலில் மூன்று முறை இறங்கி, மூன்று முறையும் பாதியில் விட்டேன். 2021-இல் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியை எடுத்தேன். சிப்பாய் என்ன உடுத்தினான், என்ன சாப்பிட்டான் என்று தேடப் போனதோடு சரி. அந்த மாதம் பாலாற்றில் வெள்ளம் வேறு. 2023-இல் குடியாத்தத்தில் பீடி சுற்றிய என் பாட்டியின் கதை. பதினெட்டாயிரம் சொல் எழுதி, மாமா வீட்டை விற்கக் கிளம்பும் இடத்துக்கு வந்தேன். தீபாவளி குறுக்கிட்டது. 2024-இல் ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண்ணின் கதை. அவளுடைய அண்ணன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறான், அங்கே நிற்கிறது. அப்போது மாமியாருக்கு உடம்பு சரியில்லை. இப்போது அந்தச் சவாலை நடத்திய அமைப்பும் மூடப்பட்டுவிட்டதாம். மறுபடி முயலலாமா? எப்படித் தயாராவது? என்னிடம் இருப்பது சோம்பேறித்தனமா, திறமைக் குறைவா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர்

பதில்: சோம்பேறிகள் பத்துப் பதினோரு நாளில் பதினெட்டாயிரம் சொல் எழுதுவதில்லை. அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுவோம். திறமையைப் பற்றி, எழுதியதைப் படிக்காமல் நான் பேச முடியாது. ஆனால் மூன்று நாவல்களும் எந்த இடத்தில் நின்றன என்று சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்குப் போதும்.

முதலாவது வேறு வகை. அதற்குப் பாலாற்றைக் குறை சொல்ல வேண்டாம். (ஆற்றில் இருகரையும் தொட்டுத் தண்ணீர் போகும்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர் வேலூர்க்காரராக இருக்க முடியாது.) 1806 ஜூலை 10 விடிவதற்குமுன் கோட்டைக்குள் என்ன நடந்தது என்பது நிறையவே பதிவாகியிருக்கிறது. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் விதித்த தடை, கோட்டை மகாலில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி, எல்லாம் கிடைக்கும். அதற்கு முந்தைய இரவு ஒரு சிப்பாயின் மனைவி அடுப்பில் என்ன வைத்தாள் என்பது மட்டும் எந்த ஆவணத்திலும் இருக்காது. அதை நீங்கள்தான் கற்பனை செய்ய வேண்டும். கற்பனை செய்யத் தயங்கியபோதெல்லாம் தேடப் போயிருக்கிறீர்கள். வரலாற்று நாவல் எழுதுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அதை ஒரு மாதச் சவாலுக்குள் திணித்தது பொருந்தாத தேர்வு. கோட்டை அங்கேயேதான் இருக்கும்.

மற்ற இரண்டுக்கும் வருவோம். 2023-இல் தீபாவளி நவம்பர் 12, கார்த்திகை தீபம் 26. அந்த மாதத்தில் வேலை ஓடவில்லை என்றால் நியாயம். ஆனால் 2024-இல் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதியே முடிந்துவிட்டது. தீபம் டிசம்பர் 13-இல்தான். நவம்பர் முழுக்க உங்கள் கையில் இருந்தது, அப்படியும் நாவல் நின்றது. மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது உண்மைதான், ஆனால் அவர் தேறிய பிறகும் நீங்கள் அந்த நோட்டைத் திறக்கவில்லையே. இரண்டு கதைகளிலும் ஊர் வேறு, தொழில் வேறு, பெண்ணின் பெயர் வேறு. நின்ற இடம் மட்டும் ஒன்றே: வீட்டு ஆண் ஒருவர் பத்திரத்தைக் கையில் எடுக்கும் இடம். இது உங்கள் குடும்பத்தில் நடந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தக் காட்சியை எழுதினால் யாருக்கோ கோபம் வரும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அதனால் அது வரும் பக்கத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு பண்டிகையோ காய்ச்சலோ வந்துவிடுகிறது.

எனவே அடுத்த முறை முதல் நாள் அதைத்தான் எழுத வேண்டும். பாட்டியின் பிறப்பு, பீடி மண்டி, தெருக்குழாய் எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து. நாவல்களை வரிசைப்படி எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பாட்டியின் கதையையே எடுங்கள். இலையை ஊறவைப்பது, தகடு வைத்து வெட்டுவது, மடியில் முறத்தோடு உட்கார்ந்து சுற்றுவது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது, இதையெல்லாம் யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் உங்களால் எழுத முடியும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: கதையில் வீடு எந்த ஆண்டு விற்கப்படுகிறது? பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. அதற்குமுன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005-இல் வந்தது. 1985-இல் வீடு விற்கப்பட்டால் மாமா யாரையும் கேட்காமலே போயிருக்கலாம். 2010 என்றால் அவர் அக்கா தங்கைகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பழங்களோடு வந்து, சாப்பிட்டுவிட்டு, கைகழுவும்போது பேச்சை எடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய காட்சி அது! ஆண்டை மாற்றினால் நாவலே மாறிவிடுகிறது. இதை எழுதத் தொடங்குவதற்குமுன் முடிவு செய்துவிடுங்கள். வேறு ஆராய்ச்சி வேண்டாம். நடுவில் தெரியாத விவரம் வந்தால் ஓரத்தில் 'பிறகு' என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

உறவினர்கள் படித்துவிடுவார்களே என்ற பயத்துக்கு என்னிடம் உள்ள மருந்து கொஞ்சம் கசப்பானது. நம் உறவினர்கள் நாவல் படிப்பதில்லை. அட்டையைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், அவ்வளவுதான். எழுதும் மாதத்தில் ஒரு வரியைக்கூட யாருக்கும் காட்டாதீர்கள், கணவருக்கும்.

அமைப்பு மூடப்பட்ட செய்தி உண்மைதான். 1999 ஜூலையில் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்து 21 பேராகத் தொடங்கிய விளையாட்டு அது. மறு ஆண்டே நவம்பருக்கு மாற்றினார்கள், அங்கே அப்போது வெளியே தலைகாட்ட முடியாத வானிலை என்பதற்காக. பின்னர் பெரிய அமைப்பாக வளர்ந்து, நிதி நெருக்கடியிலும் சர்ச்சைகளிலும் சிக்கி, மூடப்போவதாக 2025 மார்ச் இறுதியில் அறிவித்தது. உங்களுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. நவம்பர் என்பது அவர்களுடைய வானிலைக்கும் விடுமுறைக்கும் வைத்த மாதம். நமக்கு அது பட்டாசும் பலகாரமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும் மாதம். இனி மாதத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 21 முதல் பிப்ரவரி 19 வரை என்பது என் யோசனை. சரியாக முப்பது நாள். பொங்கல் முடிந்து, ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். வேலூர் வெயில் இன்னும் தொடங்கியிருக்காது. முக்கியமாக, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கலை முடித்துவிட்டு உட்காருகிறீர்கள், அடுத்த 20 வருவதற்குள் எழுந்துவிடுகிறீர்கள். நடுவே ஜனவரி 31 காலாண்டு டி.டி.எஸ். (வரிப் பிடித்தக் கணக்கு), பிப்ரவரி 7, 11, 15 என்று உங்களுக்குத் தெரிந்த கெடு தேதிகள் வரும். அந்த நாள்களில் இருநூறு சொல் போதும் என்று இப்போதே எழுதிவையுங்கள். நவம்பர் 1-இல் தொடங்கினால் முதல் வாரத்திலேயே டி.டி.எஸ். வந்து நிற்கும். இந்தக் கணக்கில் முதல் பத்து நாளில் இடையூறு இல்லை. கடினமான காட்சிகள் அந்தப் பத்து நாளில் முடிந்துவிட வேண்டும்.

ஐம்பதாயிரம் என்ற எண்ணையும் கழற்றிவிடுங்கள். அது ஆங்கிலத்துக்கு வைத்த அளவு, நாளுக்கு 1,667 சொல். தமிழில் 'வந்திருந்தவர்களுக்காகவும்' என்று ஒரே சொல்லாக எழுதுவதை அவர்கள் ஐந்தாறு சொல்லாக உடைத்து எண்ணிக்கொள்கிறார்கள். நாளுக்கு ஆயிரம் சொல், மொத்தம் முப்பதாயிரம் என்று வையுங்கள். பக்கத்துக்கு இருநூறு சொல் என்றால் அச்சில் 150 பக்கம். நாவல் என்று சொல்லிக்கொள்ள அது தாராளம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று அறிவுரை சொல்லும் எழுத்தாளர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் இட்லி யார் ஊற்றுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு அந்த அறிவுரையைக் கேளுங்கள். உங்களுக்கு ராணிப்பேட்டை பஸ் இருக்கிறது. உட்கார இடம் கிடைக்கும் நாளில் செல்போனிலேயே முந்நூறு சொல் தட்டிவிடலாம். மீதியை இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாக்கியைச் சரிக்கட்டலாம். முந்தைய நாள் எழுதியதில் கடைசிப் பத்தியைத் தவிர எதையும் திரும்பிப் படிக்காதீர்கள். திருத்தம் செய்யும் கை கணக்குக்காரர்களுக்குக் கொஞ்சம் நீளம்.

டிசம்பரில் இரண்டு வேலைகள் செய்யுங்கள். ஒன்று, முப்பது காட்சிகளை ஒவ்வொரு வரியில் எழுதிவைப்பது. பன்னிரண்டுதான் வருகிறது என்றால் பன்னிரண்டோடு தொடங்கலாம். மற்றது, பெயர்கள். எழுதும்போது நடு இரவில் ஒரு கம்பவுண்டருக்குப் பெயர் யோசித்தே அரை மணி நேரம் போகும். வீட்டில் சேர்ந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, தாத்தா தலைமுறை, அப்பா தலைமுறை, பிள்ளைகள் என்று தனித்தனியாகப் பட்டியல் போடுங்கள். நம் வட்டாரத்துப் பெயர்களுக்கு அதைவிட நல்ல கையேடு இல்லை. உங்கள் மாமாவின் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் வேண்டாம்.

பிப்ரவரி 19-க்குப் பிறகு நோட்டை மூடி வையுங்கள். மார்ச்சில் ஆண்டு முடிவுக் கணக்கு உங்களை எப்படியும் விடாது. ஏப்ரல் கடைசியில் எடுத்துப் படியுங்கள். அதற்குமுன் எந்த நாவல் போட்டிக்கும் அதை அனுப்ப வேண்டாம். திருத்தி எழுதிய பிறகு அந்தப் பத்திரக் காட்சியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். திறமையைப் பற்றி அப்போது பேசுவோம்.