வசதிகள் நிறைந்த பழைய கேட்டமரனை விற்பது: கேள்வி பதில்

மலேசியாவின் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட் பக்கம் கைமாறும் பாய்ப்படகுகளின் விற்பனையில் இடையில் நின்று வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் 38 முதல் 46 அடி வரையிலான கேட்டமரன்கள், அதாவது இரண்டு ஹல் (தண்ணீரில் மிதக்கும் உடற்பகுதி) சேர்ந்த படகுகள். விற்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பினாங்கிலிருந்து: அண்ணே, எங்களுடையது 2008 மாடல் லகூன் 380. மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கினோம். சோலார், லித்தியம் பேட்டரி, வாட்டர்மேக்கர் (கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம்), புது ஆட்டோபைலட் என்று 60,000 அமெரிக்க டாலர் வரை செலவாகியிருக்கிறது. விலையில் எவ்வளவு ஏற்றலாம்?

அந்தக் கணக்கையே மறந்துவிடுங்கள். படகின் விலையை முடிவு செய்வது மாடல், வருடம், எஞ்சின் ஓடிய மணிநேரம், ஹல்லின் நிலை, அப்புறம் உள்ளே மூன்று கேபினா நான்கு கேபினா என்பது. மூன்று கேபின் உள்ள 'ஓனர்ஸ் வெர்ஷன்' படகுக்குத் தனி மவுசு உண்டு. ஒரு பக்க ஹல் முழுவதும் உரிமையாளருக்கே என்பதால், குடும்பமாகக் கடலில் வாழ நினைப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

போட்ட சாமான்களால் வரும் லாபம் வேறு மாதிரி. அதே வருடம், அதே விலையில் இரண்டு படகு நிற்கும்போது, வாங்கியதும் கிளம்பத் தயாராக இருக்கிற படகுதான் முதலில் போகும். வாங்க வருகிறவர் பாதிப்பேர் ஐரோப்பாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ விமானம் ஏறி வருகிறவர்கள். படகு பழுதுபார்க்கும் யார்டில் ஆறு மாதம் உட்கார்ந்து வேலை பார்க்க அவர்களுக்கு மனமில்லை. அந்த ஆறு மாதத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறீர்கள், அதற்குத்தான் மதிப்பு.

இன்னொன்று. விற்பனைத் தளங்களில் தெரிவது கேட்கும் விலை. உண்மையில் கைமாறிய விலை புரோக்கர்களின் தரவுத்தளத்தில்தான் இருக்கும். உங்கள் மாடல் சமீபத்தில் என்ன விலைக்குப் போனது என்று புரோக்கரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைக் காட்டத் தயங்குகிற புரோக்கரிடம் படகைக் கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து: லித்தியம் பேட்டரியை நானே பொருத்தினேன். நான் எலக்ட்ரிகல் இன்ஜினியர். வாங்குபவர் இதைப் பிரச்சினையாகப் பார்ப்பாரா?

வாங்குபவர் பார்க்கிறாரோ இல்லையோ, அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி பார்க்கும். "சொந்தமாகப் பொருத்திய லித்தியம்" என்று சர்வே (வாங்கும்முன் நிபுணர் செய்யும் படகுச் சோதனை) அறிக்கையில் ஒரு வரி வந்தால், பாலிசி கொடுக்கவே யோசிக்கிறார்கள். வேலை சுத்தமாக இருப்பது மட்டும் போதாது, அது காகிதத்திலும் தெரிய வேண்டும்.

முழு வயரிங் வரைபடம் ஒன்று போடுங்கள். எந்த ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்ப், கேபிளின் தடிமன் என்ன, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று) பேட்டரியைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் எரியாமல் இருக்க என்ன ஏற்பாடு, எல்லாம் அதில் இருக்கட்டும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ் இருக்கிறதா என்று சர்வேயர் கட்டாயம் தேடுவார். படகுகளுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பு லித்தியத்துக்கென்றே ஈ-13 என்ற தரநிலையை 2022-இல் வெளியிட்டது. அதன்படி ஒரு சான்றளிக்கப்பட்ட மரைன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, கையெழுத்துப் போட்ட ஒரு பக்க அறிக்கை வாங்கி வையுங்கள். நீங்கள் இன்ஜினியர்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் ஆள் கையெழுத்துக்குத்தான் கம்பெனி மரியாதை கொடுக்கும்.

வாட்டர்மேக்கரை எப்படி ஓட்டிக் காட்டுவது? மரீனா (படகு நிறுத்தும் துறை) தண்ணீரில் ஓட்டலாமா?

வேண்டாம். மரீனா தண்ணீரில் மிதக்கும் டீசலும் எண்ணெயும் உப்பை வடிகட்டும் மெம்பிரேனைக் கெடுத்துவிடும். கடலோட்டச் சோதனை நடக்கும் நாளில், வெளியே சுத்தமான தண்ணீருக்குப் போனதும் ஓட்டி, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்து அளந்து காட்டுங்கள். 500 பிபிஎம்முக்குக் கீழே வந்தால் கேள்வி வராது. படகு பல மாதம் சும்மா நிற்கப் போகிறதென்றால் மெம்பிரேனுக்குப் பதப்படுத்தும் மருந்து ஏற்றி, தேதியை இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் கார்பன் ஃபில்டர் இல்லாமல் உள்ளே விடாதீர்கள்.

லங்காவியில் படகிலேயே வாழும் ஒரு சகோதரியிடமிருந்து: அண்ணா, நாங்கள் குடியிருந்துகொண்டே விற்கிறோம். படம் எடுக்கும்முன் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் காலி செய்யுங்கள், தங்கச்சி. கேட்டமரன் பாரம் தாங்காது. இடம் நிறைய இருப்பதால் நிரப்பத் தோன்றும். நிரப்பினால் படகு அமிழ்ந்து, அடிப்பகுதிப் பெயின்ட்டின் கோடு தண்ணீருக்குள் போய்விடும். விவரம் தெரிந்தவர் ஜெட்டியில் நடந்து வரும்போதே அந்தக் கோட்டைத்தான் பார்ப்பார். தையல் மெஷின், பழைய பாய்கள், மூன்றாவது நங்கூரம், பத்து வருடப் புத்தகங்கள், எல்லாவற்றையும் கரையில் ஒரு ஸ்டோரில் வாடகைக்கு வையுங்கள்.

அடுத்தது வாடை. குடியிருப்பவர் மூக்குக்கு அது தெரியாது. ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, டாய்லெட் ஹோஸைச் சுற்றிப் பிடியுங்கள். ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் வாடை ஏறியிருந்தால் ஹோஸ் உள்ளுக்குள் ஊறிவிட்டது என்று அர்த்தம். எத்தனை ஊதுபத்தி ஏற்றினாலும் போகாது, மாற்றத்தான் வேண்டும். ஹோஸுக்கு ஆகும் செலவு சின்னது. ஆனால் உள்ளே கால் வைத்ததும் முகம் சுளித்த மனைவியைப் பார்த்து, வந்த வேகத்திலேயே திரும்பிப் போகிற கணவர்கள் நிறையப் பேர்.

ஜோகூரிலிருந்து: சர்வேயில் எங்கே அடிபடும்?

படகைத் தூக்கி நிறுத்தியதும் சர்வேயர் ஒரு சின்ன சுத்தியலால் ஹல் முழுக்கத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே நுரையும் ஃபைபரும் பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். அங்கே ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டங்களைத்தான் வாங்குபவர் எண்ணுவார். அப்புறம் மாஸ்டுக்குக் (பாய்மரம்) கீழே இருக்கிற பல்க்ஹெட் (குறுக்குச் சுவர்), மாஸ்டின் கம்பிகளைப் பிடிக்கும் செயின்பிளேட் சுற்றியுள்ள இடம், டெக்கில் ஸ்டான்ஷன் (கைப்பிடிக் கம்பம்) அடிப்பகுதி. கேட்டமரனின் மாஸ்ட் இரண்டு ஹல்லுக்கும் நடுவில் நிற்பதால், அதன் அழுத்தம் முழுவதையும் அந்தப் பல்க்ஹெட்டும் பீமும்தான் வாங்குகின்றன. அங்கே ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் டார்ச் அடித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்களே முன்கூட்டிப் பார்த்துச் சரிசெய்து, பில்லோடு வைத்திருங்கள்.

பெரும்பாலானவர்கள் மறப்பது செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து ஹல்லின் அடிவழியே புரொப்பல்லரைச் சுழற்றும் பகுதி) டயஃப்ரம். எஞ்சினுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கும் அந்த ரப்பர் வளையத்தை வால்வோ 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. கேட்டமரனில் இரண்டு எஞ்சின், ஆக இரண்டு டயஃப்ரம். கடைசியாக மாற்றிய தேதி தெரியாது என்றால், வாங்குபவர் இரண்டுக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். மாஸ்டை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளான ஸ்டாண்டிங் ரிக்கிங்கும் இப்படித்தான். 10, 12 வருடம் தாண்டிய கம்பிகளை மாற்றினால்தான் பாலிசி என்று பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் சொல்லிவிடுகின்றன. மாற்றப் பணம் இல்லையென்றால் அந்த வேலை செய்யும் ரிக்கரிடம் கொட்டேஷன் வாங்கி வைத்து, "இதற்காக விலையைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்வேக்குப் பிறகு பேரம் பேசும்போது அவர் குறைக்கச் சொல்வது எப்போதும் அதைவிட அதிகமாக இருக்கும்.

சர்வே செலவும் படகைத் தூக்கும் செலவும் வாங்குபவருடையது, இதுதான் வழக்கம். ஆனால் 38 அடிக் கேட்டமரனே 6.5 மீட்டர் அகலம் இருக்கும், 40 அடியைத் தாண்டினால் 7 மீட்டரும் போகும். பக்கத்து யார்டின் லிஃப்ட் அந்த அகலத்துக்குத் தாங்குமா என்று இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிப் போய் விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கும், வரி கட்டிய பிறகு. அங்கே தற்காலிக அனுமதியில் நிற்கும் வெளிநாட்டுப் படகை அப்படியே விற்பனைக்குப் போட முடியாது, முதலில் இறக்குமதி செய்ய வேண்டும். பொதுவாக 5% சுங்கத் தீர்வை, அதன் மேல் 10% ஜிஎஸ்டி. படகு 3,00,000 ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டால் தீர்வை 15,000. இரண்டும் சேர்ந்த 3,15,000-க்கு ஜிஎஸ்டி 31,500. ஆக 46,500 டாலர். படகு எந்த நாட்டில் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்துத் தீர்வையில் விலக்கு கிடைக்கலாம், அதை அங்குள்ள சுங்க ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயிரியல் பாதுகாப்புச் சோதனையும் கடுமையானது. ஹல்லில் ஒட்டிய சிப்பியில் தொடங்கி மரச்சாமானில் கரையான் வரை பார்ப்பார்கள்.

லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. வெளிநாட்டில் பதிவாகி அந்த நாட்டுக் கொடியோடு விற்பனைக்கு நிற்கும் படகுகள் இங்கே சகஜம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, இந்தப் பக்கக் கடல் அமைதி. வாங்குபவர்கள் வருவதும் அப்போதுதான். ஆகஸ்ட், செப்டம்பரில் வேலைகளை முடித்துப் படம் எடுத்து வையுங்கள். என் கருத்து, நல்ல நிலையில் உள்ள படகை இங்கேயே விற்பது மேல். பல ஆயிரம் மைல் ஓட்டினால் பாயும் எஞ்சினும் தேயும், அந்தத் தேய்மானத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

புரோக்கர் இல்லாமல் விற்கலாமா?

விற்கலாம். 10% கமிஷன் மிச்சம். ஆனால் பணம் எஸ்க்ரோ கணக்கு (விற்பனை முடியும்வரை மூன்றாம் ஆள் பணத்தை வைத்திருக்கும் கணக்கு) வழியாகத்தான் போக வேண்டும். 10% முன்பணம், "சர்வேக்கும் கடலோட்டத்துக்கும் உட்பட்டது" என்ற ஒப்பந்தம், இரண்டும் இல்லாமல் யாரையும் கடலோட்டத்துக்கு அழைத்துப் போய்க் காலத்தை வீணாக்காதீர்கள்.

மறுபடியும் பினாங்கு நண்பர்: காகிதங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் மூன்று பேர் உரிமையாளர்கள். மூன்று கையெழுத்தும் இல்லாமல் பில் ஆஃப் சேல் (விற்பனைப் பத்திரம்) செல்லாது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் நோட்டரி வைத்து அதிகாரப் பத்திரம் இப்போதே வாங்குங்கள். விற்பனை முடியும் வாரத்தில் அதைத் தேடி அலைய முடியாது. பிரிட்டிஷ் கொடி என்றால், சிறு கப்பல் பதிவு எனப்படும் எஸ்எஸ்ஆர் உரிமைக்கு ஆதாரமாகாது என்பதை நினைவில் வையுங்கள். படகு முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து சங்கிலி அறுபடாமல் எல்லா விற்பனைப் பத்திரமும் வேண்டும்.

சாமான் பட்டியல் ஒப்பந்தத்தின் பாகம். டிங்கியும் (கரைக்குப் போய்வரும் சிறு படகு) அதன் அவுட்போர்டு எஞ்சினும் சேர்த்தா இல்லையா, லைஃப்ராஃப்ட் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, எல்லாம் அதில் எழுதுங்கள். எடுத்துப் போகப் போகிற சாமானை விளம்பரப் படம் எடுக்கும்முன்னே இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவியான ஈபெர்ப். அதில் உங்கள் பெயரும் வீட்டு போன் நம்பரும் பதிவாகியிருக்கிறது. படகு கைமாறிய அன்றே பதிவை மாற்றச் சொல்லி, மாறியதை நீங்களே உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் நடுக்கடலில் புது உரிமையாளர் ஆபத்தில் சிக்கி அதை அழுத்தும்போது, மீட்பு மையம் உங்கள் வீட்டுக்குத்தான் போன் போடும். கொடி மாறினால், ரேடியோவில் படகை அடையாளம் காட்டும் எம்எம்எஸ்ஐ எண்ணும் மாறும். விஎச்எஃப் ரேடியோ, படகின் இருப்பிடத்தை மற்றக் கப்பல்களுக்குக் காட்டும் ஏஐஎஸ், ஈபெர்ப் மூன்றிலும் புது எண்ணை ஏற்ற வேண்டும். சில கருவிகளில் அந்த எண்ணை டீலர்தான் மாற்ற முடியும் என்பதால் அதற்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.