வானுக்குத் தரை போடுதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய டொல்பின் வான் ஒன்றைக் குடும்பமாகப் போய்த் தங்கிவர ஏற்றபடி மாற்றுகிறோம். பின்சீற்றுகளைக் கழற்றி றபர் விரிப்பைத் தூக்கினால், கீழ்த்தகட்டில் பல இடங்களில் கறள். தரை 9 அடி நீளம், 5 அடி அகலம். கறளுக்கு மேலே பெயின்ற் அடித்து பிளைவூட் போட்டால் போதுமா? என்னென்ன சாமான் வாங்கவேண்டும்?
– வாசகர், கோண்டாவில்

பதில்: போதாது. பலகை ஏறிவிட்டால் அந்தத் தகட்டை இனிக் கண்ணால் காணமாட்டீர்கள். ஆகவே மொத்த வேலையில் பாதி நேரத்தைக் கறளுக்கே கொடுங்கள். விரிப்புக்குக் கீழே ஒட்டியிருக்கும் சணல், பஞ்சு எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கறளை வளர்த்தது அதுதான். பிறகு கழுவுங்கள். கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கவேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் அலசினால் உப்பு தகட்டிலேயே காய்ந்து, பின்னர் பெயின்ற்றைக் கொப்பளிக்க வைக்கும்.

காய்ந்ததும் கிறைண்டரில் கம்பித் தூரிகை பூட்டி, பொருக்கு உதிரும்வரை தேயுங்கள். கறள் பிடித்த ஒவ்வோர் இடத்தையும் ஸ்குறூ டிறைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். நுனி உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டும். பட்டி பூசி ஓட்டையை மூடினால் அதன் பின்னால் ஈரம் தங்கி, ஓட்டை பெருக்கும். வெல்டிங்குக்கு முன் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். எண்ணெய்த் தாங்கியும் குழாய்களும் எந்த வழியால் போகின்றன என்று வானுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் நெருப்பு வைக்கவேண்டும்.

மிச்சமிருக்கும் மெல்லிய கறளுக்கு மட்டும் ரஸ்ட் கொன்வேட்டர் பூசி, கறுத்து இறுகும்வரை, சுமார் ஒரு நாள், விடுங்கள். அது கறளோடு சேர்ந்துதான் வேலை செய்யும்; வெறும் இரும்பில் பூசிப் பயனில்லை. அதன் மேல் சிங்க் பொஸ்பேற் பிறைமர் இரண்டு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் அடித்தால் புழுதி ஒட்டும். மூடிய கொட்டகைக்குள் அடியுங்கள். தரையில் வெறுமனே கிடக்கும் துளைகளுக்கு றபர் மூடி போடலாம். ஆனால் கதவின் கீழ்விளிம்பில் இருக்கும் சிறு துளைகளை அடைக்கவே கூடாது. மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அவை.

இனி அடுக்கு. தகட்டின் பள்ளங்களுக்கு அளவாக எக்ஸ்பிஎஸ் போம் (ஈரம் எளிதில் ஏறாத கெட்டிப் போம் தகடு) கீலங்களை வெட்டி நிரப்பி, மேலே 10 மிமீ எக்ஸ்பிஎஸ் தகடு, அதற்கு மேல் 12 மிமீ மரைன் பிளைவூட், கடைசியாக 2 மிமீ வைனில். ஏறத்தாழ ஒரு அங்குல உயரம் போகும். குளிருக்குப் போம் போடும் நாடு இதுவல்ல. வீதியின் சூட்டையும் இரைச்சலையும் குறைக்க இந்தத் தடிப்பே போதும், நிற்கும் உயரத்தை வீணாக்காதீர்கள்.

வாங்கவேண்டியவை: 8க்கு 4 அடி பிளைவூட் இரண்டு, பிறைமர் ஒன்றரை லீற்றர், எனாமல் அதேயளவு, 300 மில்லிலீற்றர் பியூ (பொலியூறேதேன்) பசை நான்கு குழாய். கடைக்காரர் சம்மதித்தால் பிளைவூட்டில் ஒரு சிறு துண்டை வெட்டி ஒரு மணிநேரம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். அடுக்குப் பிரிந்தால் மரைன் என்ற முத்திரையை நம்பவேண்டாம். பலகைகளைக் குறுக்காகப் போட்டால் 8 அடி நிரம்பும். மிச்ச ஒரு அடியை வெட்டுத் துண்டுகளால், சாரதி சீற்றுக்குப் பின்னால், அலுமாரி வரும் பக்கத்தில் நிரப்புங்கள். கதவுப் பக்கம் துண்டு வரக்கூடாது. பொருத்து வரும் இடத்தில் போமை 3 அங்குலம் விலக்கி, 10 மிமீக்குச் சீவிய மரச்சட்டம் ஒட்டி, இரு பலகையையும் அதில் ஸ்குறூ செய்யுங்கள். ஸ்குறூ 20 மிமீயைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தகட்டைத் துளைக்கும். வேறெங்கும் தகட்டில் ஸ்குறூ வேண்டாம். அடியில் பிறேக் குழாயும் எண்ணெய்க் குழாயும் வயரும் இருக்கின்றன. பசையை நீளவாக்கில் அரை அடிக்கொரு கோடாக இழுத்து, மேலே தண்ணீர்க் கான்களை அடுக்கி ஒரு நாள் விடுங்கள். சுற்றிவர 5 மிமீ இடைவெளி அவசியம்.

கேள்வி: போன வருடம் ரிஜிபோமும் (பெட்டிகளில் வரும் வெள்ளை மணிப் போம்) பிளைவூட்டும் போட்டோம். மாரி முடிய, சறுக்குக் கதவடியில் பலகை ஊதிவிட்டது. நடந்தால் கிறீச்சிடுகிறது. என்ன பிழை விட்டோம்?
– வாசகி, காரைநகர்

பதில்: இரண்டு பிழை, தனித்தனியானவை. ஊதியதற்குக் காரணம் வெட்டுவாய். பிளைவூட்டின் முகத்தைவிட ஓரம்தான் தண்ணீரை உறிஞ்சும். கதவால் ஒழுகும் மழையும் ஈரக்கால்களும் சேருமிடம் அது. ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, அடுக்குப் பிரிந்துவிட்டது. நல்ல மரம் தெரியும்வரை வெட்டியெறியுங்கள். கீழ்த்தகட்டைப் பார்த்துக் கறளிருந்தால் முதலில் அதை முடியுங்கள். புதுத் துண்டின் நான்கு ஓரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வானிஷ் இரண்டு பூச்சு. படியோரத்தில் அலுமினிய ஆங்கிள் போடுங்கள், ஆனால் அலுமினியம் இரும்பைத் தொடாதபடி நடுவில் பியூ பசை இருக்கவேண்டும். உப்பீரத்தில் இரண்டும் தொட்டால் அரிப்பு விரைவாகும். உங்கள் கடற்கரையில் இது சின்ன விடயமல்ல.

கிறீச்சிடுவது ரிஜிபோம். அதன் மணிகள் தகட்டோடு உரசி நொறுங்கும். கதவுத் தோல் ஒட்டும் மஞ்சள் கொன்டாக்ட் பசையைப் பூசியிருந்தால் அதிலுள்ள கரைப்பான் போமையே கரைத்து, பலகைக்குக் கீழே வெற்றிடம் விட்டிருக்கும். அந்தப் பகுதியைக் கழற்றி எக்ஸ்பிஎஸ் போடுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: வீட்டில் பழைய பனம்பலகை இருக்கிறது. அதையே தரையாகப் போட்டால் என்ன?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கூரைக்குச் சிறந்த மரம், வானுக்குப் பாரம். 45 சதுர அடிக்கு 12 மிமீ பிளைவூட் சுமார் 30 கிலோ. ஒரு அங்குலப் பனம்பலகை அதன் இருமடங்கையும் தாண்டும். ஓரங்களில் சிராய் எழும்பிப் பிள்ளைகளின் காலில் ஏறும். சீவி வானிஷ் பூசி, அலுமாரியின் முகப்புச் சட்டமாக வையுங்கள், அழகாக இருக்கும்.

கேள்வி: கட்டிலையும் அலுமாரியையும் தரையில் எப்படிப் பிடிப்பது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: கழற்றிய சீற்றுகளின் போல்ற் துளைகள் கம்பனியே பலப்படுத்திய இடங்கள். காட்போட் மட்டையில் தரையின் அச்சை வெட்டும்போதே அவற்றைக் குறித்து, பிளைவூட்டிலும் துளை விடுங்கள். பலகையின் தடிப்புக்கு ஏற்ப, அதே புரியுள்ள நீளமான போல்ற் வாங்கவேண்டும். வைனில் ஒட்டியபின் தேடினால் அகப்படாது. சீற்றுகளின் எண்ணிக்கை பதிவுப் புத்தகத்தில் இருப்பதால், அவற்றை நிரந்தரமாக எடுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய சீற்றுகளையும் போல்ற்றுகளையும் அதுவரை விற்கவேண்டாம்.