ரோபோப் போட்டியின் கட்டுப்பாட்டுக் கருவி மாறப்போகிறது. திருகோணமலையில் புதிதாகத் தொடங்கும் எங்கள் பாடசாலைக் குழு பழையதை வாங்கலாமா?

வாங்க வேண்டாம் ஆசிரியரே. இரவல் கிடைத்தால் மாணவர் பழகட்டும். ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் 2009இல் சிரியோ என்ற கட்டுப்பாட்டுக் கருவி வந்தது, 2015இல் ரோபோரியோ அதன் இடத்தைப் பிடித்தது, 2027 பருவத்திலிருந்து சிஸ்டம்கோர் என்று அறிவித்திருக்கிறார்கள்.

ரோபோவின் மூளையான இந்தக் கருவி மாறினாலும் உடம்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மோட்டாரை ஓட்டும் கருவிகள் மஞ்சளும் பச்சையுமாக முறுக்கிய, கருவிகளுக்கிடையே செய்தி கடத்தும் கேன் (CAN) வயர் வழியாகவே கட்டளை வாங்கும். பணத்தை அவற்றில் போடுங்கள்.

நிரலை இப்போதே இரண்டாகப் பிரிப்பதுதான் உண்மையான முன்னேற்பாடு. 'கையை உயர்த்து' என்னும் முடிவு ஒரு கோப்பில். எந்த மோட்டார், கேன் வயரில் அதற்கு எந்த எண் என்பது இன்னொன்றில். கருவி மாறும்போது பெரும்பாலும் இரண்டாவதையே திருத்த வேண்டியிருக்கும். நிரல்மொழி ஜாவா, சி++, பைத்தான் மூன்றில் எதுவானாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. எங்கள் ரோபோ ஒருமுறை ஓடி ஓடி நின்றது. மூன்று மாலை நிரலைக் குடைந்தோம். கடைசியில் பார்த்தால், வயர் முனையில் பச்சையாகக் களிம்பு! கடற்காற்றின் உப்புதான் காரணம். புதுக் கருவி வந்ததும் பழைய முனைகளை வெட்டிவிட்டுப் புதிதாக இணையுங்கள்.